சிஸ்டரைப் பார்த்து நாங்கள் எழுதிய பதில்

சேதி வந்தபோது நான் மஸ்ஜித் தானா ஊர்ச் சந்தையில் கெம்போங் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மீன் பார்த்து வாங்குவதில் இந்த வட்டாரத்தில் எனக்கு நிகர் கிடையாது. செதிலைத் தொடாமலே எந்தப் படகில் வந்தது என்று சொல்லிவிடுவேன். போனில் மணியம்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பாசார்லதான்லா. மீன் நல்லா இருக்கு. உனக்கும் எடுக்கவா?"

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க அண்ணே."

மணியம் எங்கள் மருத்துவமனையில் முப்பது வருஷத்துக்குமேல் கட்டில் தள்ளியவன். நான் அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டியவன். எங்களைப் போன்றவர்கள் ஒருவரிடம் ஒருவர் 'ஒதுங்கி நில்லுங்க' என்று சொன்னால் அதற்குமேல் சேதி தேவையில்லை. சொந்தக்காரர்களைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் விழுந்தால் பிடிக்க ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நாங்கள் வாயைத் திறப்போம். நான் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நம்ம பத்மா சிஸ்டர் போயிட்டாங்க. காலையில காபி கலக்கி வச்சிட்டு உக்காந்தவங்க, எந்திரிக்கல."

மீனைத் தராசிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். செர்காம் போகிற சாலையில் இருக்கும், எங்கள் தலைமை நர்ஸாக இருந்த சிஸ்டர் வீட்டுக்கு நாற்பது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். என் மனைவி லட்சுமி ஒன்றேகால் மணி நேரம் ஆனது என்கிறாள். வழியில் வீட்டில் ஏறியவள், பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள். அழுகிறவர்களுக்கு நேரம் தெரியாது.

இழவு வீட்டில் பந்தலுக்கு அடியில் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது, பின்னால் இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்தது.

"நல்ல மனுஷிதான் பாவம். ஆனா மனசு சரியில்லாதவங்கதான்லா. அந்தக் கிளினிக்குக்கு எத்தன வருஷமா நடந்தாங்க தெரியுமா."

"ஆமா, மக கல்யாணம்கூட அதாலதானே ஒரு தடவ நின்னுச்சி."

நான் திரும்பிப் பார்த்தேன். ஊரில் எந்தக் கல்யாணத்திலும் மைக்கைப் பிடித்தால் விடாதவன் நான். அன்றைக்குத் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தேன். அந்தக் கல்யாணம் நின்றது யாரால் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது லூபோக் சீனா பக்கம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில், ஆறாம் வகுப்பு வரைக்கும். ஏழாவது போயிருந்தால் டாக்டராகியிருப்பேன் என்று வாத்தியாரே சொன்னார். என் மகள் எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன் என்றாள். தேவையில்லை என்றேன். மூன்று பக்கம் எழுதிய பிறகு அவளிடமே கொடுத்தேன்.

பத்மாவதி சிஸ்டரை உங்களில் பலருக்குத் தெரியும். விபத்துப் பிரிவு வாசலில் நாலடி பத்தங்குல உயரத்தில் நின்றுகொண்டு ஆறடி டாக்டர்களை விரட்டியவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நெஞ்சுவலிக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு சைரன் அலற, டயர் கீச்சிட, வாசலில் ஒரு வளையம் போட்டு நிறுத்தினேன். அந்த வளையத்தைப் பார்த்து, பட்டம் வாங்கிய ஒரு டத்தோவே கைதட்டினார். சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன் வேலு, உள்ள இருக்கிறவருக்கு நெஞ்சு வலி. நீ வந்த வேகத்துல எனக்கும் வந்திருச்சி. இப்ப ரெண்டு கட்டில் வேணும், எங்க போவேன்?"

தீபாவளி அன்று மற்ற நர்ஸுகளை, நாங்கள் சொல்கிற மிஸ்ஸிகளை, வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் வேலை பார்ப்பார். காயத்துக்குக் கட்டுப் போடும் எவர்சில்வர் தட்டில்தான் முறுக்கு வரும். எடுக்கத் தயங்கினால், "தட்டக் கொதிக்க வச்சித்தான் கொண்டாந்திருக்கேன், தைரியமா தின்னு" என்பார். அவர் அடிக்கடி சொன்னது ஒன்று உண்டு: "சேதி சொல்றதுக்கு முன்னாடி நாற்காலி போடு." புதிதாக வரும் மிஸ்ஸிகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்கும் முன் நாற்காலி போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

இனி அந்த பஸ் விபத்து நாள்.

மழைக்காலப் பிற்பகல். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பாலத்தருகே தொழிற்சாலை பஸ் ஒன்று சறுக்கி, நிரம்பி ஓடிய ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. எத்தனை பேர் என்று இங்கே எழுதமாட்டேன். நான் கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண்ணிக்கை சொல்லியிருக்கிறேன். நானே ஆற்றில் குதித்ததாகச் சொல்லியிருக்கிறேன். கதவைக் கையால் பிய்த்ததாகச் சொல்லியிருக்கிறேன். சிஸ்டர் அந்தப் பந்திகளிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. "இந்தத் தடவ கதவு கொஞ்சம் பெருசாயிடுச்சி வேலு" என்று மட்டும் காதோரம் சொல்வார்.

நடந்தது இவ்வளவுதான். நான் ஆற்றில் இறங்கவில்லை. கரையில் நின்று ஆட்களை வாங்கி வண்டியில் ஏற்றினேன். மூன்றாவது நடையில் ஒரு பெண் வந்தாள். நம் தமிழ்ப் பெண்தான். அவள் குடும்பம் இன்னும் இதே மாநிலத்தில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. அவள் நன்றாகப் பேசினாள். வீட்டில் யாரும் பயந்துவிடக் கூடாது என்றாள். பிறகு சொன்னாள்: "அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்களேன். குலுங்கினா வலிக்குது."

நான் மெதுவாகப் போனேன். என் வாழ்க்கையிலேயே ஆம்புலன்ஸை மெதுவாக ஓட்டியது அன்றுதான்.

வாசலில் சிஸ்டர் நின்றார். அன்று அவர் வேலை, வருகிறவர்களைப் பார்த்த மாத்திரத்தில் கையில் நிற அட்டை கட்டுவது. சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் கொஞ்சம் காத்திருக்கலாம். பச்சை என்றால் நடந்து போகலாம். இந்தப் பெண் பேசிக்கொண்டே இறங்கினாள். சிஸ்டர் மஞ்சள் கட்டினார். கட்டும்போது அவள் தலைமுடியிலிருந்து தண்ணீரைத் துடைத்துவிட்டார். உள்ளே எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, வெளியே ஒரு கீறல் இல்லை. அவள் முறை வருவதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். எங்கள் மனசெல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். கூட்ட அறையில் கறிபாப் பலகாரம், தேநீர், மலாயில் நீளமான பாரம், அதாவது படிவம். தூக்கம் வருகிறதா, கெட்ட கனவு உண்டா, அந்த இடத்தைத் தவிர்க்கிறாயா என்று கேள்விகள். மலாய்ப் பேச்சில் நான் சிங்கம். எழுத்தில் கொஞ்சம் பூனை. பதினைந்து நிமிஷத்தில் தரவேண்டும் என்றார்கள்.

பாரம் என்றால் பரீட்சைதானே. தப்பாக எழுதினால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பேச்சு. பரீட்சை என்றால் நன்றாகப் படித்தவர் பக்கத்தில் உட்காரவேண்டும். நான் சிஸ்டருக்கு வலதுபக்கம் உட்கார்ந்தேன். அவர் எங்கே கோடு போட்டாரோ அங்கே நானும் போட்டேன். என்னைப் பார்த்து மணியம் போட்டான். அவனைப் பார்த்துச் சலவைப் பிரிவு ஆட்கள் போட்டார்கள். அந்த மேசை முழுக்க ஒரே பதில்: இல்லை, இல்லை, இல்லை, நலம்.

மாதவிடாய் நின்றுவிட்டது என்று நானும் மணியமும் எழுதிக் கொடுத்திருந்தோம் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த அம்மா எல்லாப் பாரத்தையும் அடுக்கி, எல்லோரும் தைரியசாலிகள் என்று பாராட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத முழு மதிப்பெண் கிடைத்த சந்தோஷத்தில் நான் இன்னொரு கறிபாப் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு என் வண்டி வார்டைவிடச் சுத்தமாக இருக்கும் என்று பெயரெடுத்தேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை பின்பக்கத்தைக் கழுவுவேன். மற்ற டிரைவர்களுக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டேன். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். படுத்தால் அந்தக் குரல். லட்சுமி எனக்கு வேறு யாரோ இருப்பதாக நினைத்து ஒரு மாதம் அண்ணன் வீட்டில் போய் இருந்தாள். மணியம் சிரிப்பதை நிறுத்தவே இல்லை, எதற்கெடுத்தாலும் சிரித்தான். சிஸ்டர் வாசலில் நிற்பதை விடவில்லை, ஆனால் மஞ்சள் அட்டையை மட்டும் வேறு மிஸ்ஸியிடம் கட்டச் சொல்வார். நாங்கள் எல்லாவற்றையும் பார்த்தோம். யாரும் யாரையும் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தாயிற்றே, நலம் என்று.

சில வருஷம் கழித்து, லூபோக் சீனா பக்கத்திலிருந்து மாரடைப்புக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் தாமதமாகிவிட்டது என்று அவர் மகன் சத்தம் போட்டான். சிஸ்டர் வண்டிக்கு வந்தார்.

"எந்த வழியா வந்தே வேலு?"

"எப்பவும் வர்ற வழிதான் சிஸ்டர். மரம் விழுந்து கெடந்துச்சி. நானே எறங்கி இழுத்துப் போட்டேன்."

"எவ்ளோ பெரிய மரம்?"

கையை விரித்துக் காட்டினேன். அவர் உள்ளே எட்டி மீட்டரைப் பார்த்தார். பயணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். பழைய பக்கங்களையும் புரட்டினார். பாலம் வழியாக வந்தால் எத்தனை கிலோமீட்டர் என்று அவருக்குத் தெரியும். பஸ் நாளுக்குப் பிறகு நான் ஒருமுறைகூட அந்தப் பாலத்தில் ஏறவில்லை என்பது அந்தப் புத்தகத்திலேயே இருந்தது, என் கையெழுத்தில்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது அளந்திருப்பேன்.

"அன்னிக்கு அந்தப் பாரத்துல அந்த எடத்தத் தவிர்க்கிறியான்னு கேட்டாங்களே. என்னா எழுதுன?"

"இல்லைன்னுதான். நீங்க போட்ட மாதிரியே போட்டேன் சிஸ்டர்."

"என்னப் பாத்தா எழுதுன?"

"நான் மட்டுமா. எல்லாரும் உங்களப் பாத்துத்தான் எழுதுனோம்."

சிஸ்டர் ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சீருடையோடு அவர் தரையோரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நான் பொய் எழுதுனேன்லா வேலு. வார்டவிட்டு மாத்திடுவாங்கன்னு பயந்து எழுதுனேன். ஒரு பொய்தான் எழுதுனோம்னு நெனைச்சேன். இத்தன பேருக்கா சேத்து எழுதியிருக்கேன்?"

அடுத்த மாதம் முழுக்க, எங்களை ஒவ்வொருவராகத் துணி அலமாரி அறைக்குக் கூப்பிட்டார். அதே கேள்விகளைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். "யாரையும் பாத்து எழுத முடியாது. நான் கேப்பேன், நானே எழுதிக்குவேன். மொதல்ல என் பதிலச் சொல்றேன், கேட்டுக்க" என்று தொடங்கினார். தூக்கம் இல்லை. கோயிலில் மஞ்சளும் குங்குமமும் கொடுத்தால் குங்குமத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் மருந்துப் பட்டியல் படிப்பதுபோலச் சொன்னார்.

என் முறையில் நான் முதலில் ஆற்றில் குதித்ததிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். கதவு வந்தது, கதவு போனது. பிறகு வேறு வழியில்லாமல் அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். மெதுவாகப் போனதைச் சொன்னேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை, லட்சுமியிடம்கூட.

சிஸ்டர் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் சேர்த்திருப்பேன், இதில் சேர்க்கவில்லை.

"நீ பறந்து வந்திருந்தாலும் நான் மஞ்சள்தான் கட்டியிருப்பேன் வேலு. அந்தப் புள்ள கடைசியா ஒன்னு கேட்டுச்சி. நீ குடுத்த. என் பங்க நீ எடுத்துக்காத."

மறுநாளே மேலிடத்தில் சொல்லி என்னைச் சில மாதம் வண்டியிலிருந்து இறக்கினார். எனக்குக் கோபம். நான் இல்லாமல் மாநிலமே நின்றுபோகும் என்று சத்தம் போட்டேன். மாநிலம் நன்றாகவே ஓடியது. என்னை மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார். அது கட்டடத்தின் கடைசியில், நீள நடைபாதைக்கு அந்தப் பக்கம். நம் ஆட்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் உங்களுக்குத் தெரியும். நான் போகமாட்டேன் என்றேன்.

"நானும்தான் போறேன். சேந்து போவோம். ஒனக்கு வழி தெரியாதுன்னு சொல்லிக்க" என்றார்.

அவரிடம் அங்கே கொடுக்கும் நோயாளி அட்டை இருந்தது. எனக்கு முன்னாலேயே தன் பெயரைப் பதிந்திருந்தார். அங்கே இருந்த டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், என் மகள் வயது. "பெலான்-பெலான், பாக்சிக்" என்று முதல் நாள் சொன்னாள், மெதுவாகச் சொல்லுங்கள் மாமா என்று. அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் அழுத அழுகைக்கு அவள் ஒரு பெட்டி டிஷ்யூ காலி செய்தாள். இரண்டு பெட்டி என்றும் சொல்லலாம்.

மூன்றாவதோ நான்காவதோ முறை, வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் அந்த நடைபாதையில் வந்துவிட்டார்.

"என்னா வேலு, இங்க உக்காந்திருக்கே?"

எழுந்து நின்றேன். அப்புறம் சொன்னேன். "சிஸ்டரக் கூட்டிக்கிட்டு வந்தேண்ணே. நான் டிரைவர்தானே."

அவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான்.

"ஆமாங்க, எனக்குத்தான். தூக்கம் வரமாட்டேங்குது. வேலு தொணைக்கு வந்திருக்காரு" என்றார்.

அது ஊரெல்லாம் பரவியது. அடுத்த மாசி மாதம், சிஸ்டர் மகள் கவிதாவுக்குப் பேசி முடித்திருந்த இடத்திலிருந்து ஆள் வந்து, மாப்பிள்ளை வீட்டில் யோசிக்கிறார்கள் என்றார்கள். தாய்க்கு அந்தக் கிளினிக்கில் வைத்தியமாமே என்றார்கள். அன்றே நான் போய், அந்த வரிசையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன், என்னைப் பாருங்கள், எனக்கு என்ன குறை என்று கேட்டிருக்கலாம். போகவில்லை. சிஸ்டரிடம் மட்டும் போய் நின்றேன்.

"நான் சொல்லிடறேன் சிஸ்டர்."

"ஒனக்கு எப்ப முடியுமோ அப்ப சொல்லு. எனக்காக அவசரப்படாத. தூங்குறதுக்கு வைத்தியம் பாக்குற மனுஷியக் கண்டு பயப்படற வீடு நமக்கு எதுக்கு?"

கவிதா பிறகு ஜொகூரில் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். அந்த மாப்பிள்ளையிடம் சிஸ்டரே முதல் சந்திப்பில் கிளினிக் அட்டையைக் காட்டினாராம். அவர், "எங்கம்மாவையும் கூட்டிட்டுப் போங்க ஆண்ட்டி" என்றாராம். ஆனாலும் முதலில் நின்றது நின்றதுதான். அந்தப் பிள்ளை இரண்டு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சிஸ்டர் காத்திருந்தார். நான் ஓய்வு பெற்றேன், அவர் அதற்கு முன்பே. சந்திக்கும்போதெல்லாம் "தூங்கினியா?" என்பார். "எப்ப சொல்லப் போற?" என்று ஒருமுறையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சீக்கிரம் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காமல் விட்டது அவர் மரியாதை. அதில் இத்தனை வருஷம் குளிர் காய்ந்தது நான்.

பந்தலில் பேசிய அந்த இரண்டு அம்மாக்களுக்கும், கமிட்டிக்காரருக்கும், அன்று யோசித்த மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்கிறேன். பத்மாவதி சிஸ்டர் அந்தக் கிளினிக்குக்குப் போனார். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன், டிரைவராக அல்ல, நோயாளியாக. இன்றைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். பாலத்தில் வண்டி ஓட்டுகிறேன். படுக்கையில் படுத்துத் தூங்குகிறேன். லட்சுமியிடம் கேளுங்கள், குறட்டைக்கு அவள் சாட்சி. கவிதா, உன்னிடம் நான் நேரில் வந்து கேட்கவேண்டியது இருக்கிறது. கருமாதிக்கு வரும்போது கேட்பேன்.

சிஸ்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, துணி அலமாரி அறையில் அவர் செய்ததைத்தான்: அடுத்தவனிடம் கேட்பதற்கு முன் தன் பதிலைச் சொல்லிவிடுவது. அந்த மாதம் அவர் கூப்பிட்டவர்களில் வராதவன் ஒருவன்தான். மணியம். "எனக்கு ஒன்னுமில்ல சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அவனை நினைத்து அவர் கடைசிவரை வருத்தப்பட்டார்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவனுக்குப் போன் போட்டு முழுவதையும் படித்துக் காட்டினேன். கதவு வருகிற இடத்தில் சிரித்தான். பிறகு சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"மணியம்?"

"இருக்கேண்ணே. அந்தக் கிளினிக்குக்குப் போக டாக்டர் லெட்டர் வேணுமாமே?"

"வேணும். வாங்கிக்கலாம்லா."

"நீங்க எப்ப போறீங்க?"

"வர்ற புதன்கெழம. எட்டு மணிக்கு."

"அப்ப ஏழரைக்கு வாங்க. வீட்டு கேட்டுக்கு வெளியவே நிக்கிறேன்."